அடுக்குமாடிச் சுவர்களில் டிஷ் ஆன்டெனா: எந்தப் பக்கம் நின்று, எப்போது படம் எடுப்பது?

நடைவழி:

வணக்கம். சென்னை கே.கே. நகர், அசோக் நகர் பக்கம் நடக்கும்போது வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளின் சுவரிலும் பால்கனிக் கம்பியிலும் இருக்கும் டிடிஎச் டிஷ்களைத் தொடராகப் படம் எடுத்து வருகிறேன். பழைய பிளாக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். புதுக் கட்டடங்களில் பால்கனிக்கு ஒரு டிஷ் என்ற காட்சியே கிடையாது. நிற்கும்போதே முறையாகப் பதிவு செய்துவிட வேண்டும்.

கையில் இருப்பது ஏபிஎஸ்-சி கேமரா (முழு ஃபிரேமை விடச் சிறிய சென்சார்), 18–55 மி.மீ., 55–250 மி.மீ. லென்ஸ்கள், ஒரு போன். நடை மாலை ஐந்தரைக்கு. அந்த நேரத்தில் டிஷ் எல்லாம் இருண்டு கிடக்கிறது, பின்னால் வானம் வெளுத்துப் போகிறது. எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து எடுத்தால் கட்டடம் பின்னால் சாய்கிறது. ஒரு சுவரில் இருபது டிஷ் இருக்கும், அதே பிளாக்கின் மறுசுவரில் ஒன்றுகூட இருக்காது. காரணம் தெரிந்தால் வீணாகச் சுற்ற வேண்டாம். லோகோ வெளுத்துப் போன டிஷ் எந்த நிறுவனத்துடையது என்று கண்டுபிடிக்க முடியுமா? குடியிருப்பவர்கள் கேட்டால் என்ன சொல்வது, சட்டப்படி எதைத் தவிர்க்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கோஆக்ஸ்:

நடைவழி சார், உங்க பாதிக் கேள்விக்கு ஒரே பதில்தான்: சாட்டிலைட் எந்தத் திசையில நிக்குதுன்னு பாருங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான் வரும்.

நம்ம ஊர்ல ஓடுற டிடிஎச் சாட்டிலைட் எல்லாமே பூமத்திய ரேகைக்கு மேல, 83 டிகிரி கிழக்குல இருந்து 108.2 டிகிரி கிழக்கு வரைக்கும் நிக்குது. சென்னை இருக்கிறது 13 டிகிரி வடக்கு, 80.3 டிகிரி கிழக்கு. அதனால சென்னையில ஒழுங்கா வேலை செய்யுற எந்த டிஷ்ஷும் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவுலதான் பார்க்கும். வடக்குச் சுவர்லயும் மேற்குச் சுவர்லயும் மாட்டினா கட்டடமே மறைச்சிடும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க மொட்டை மாடியில வச்சு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி கேபிளைத் தொங்க விட்டிருப்பாங்க. டிஷ் இல்லாத சுவர்ல கறுப்பு, வெள்ளை கேபிள் கொத்துக் கொத்தா இறங்குதுன்னா அது வடமேற்குப் பக்கம்னு வச்சுக்குங்க. அதுவும் எடுக்க வேண்டிய படம்தான், விட்டுடாதீங்க.

சென்னைக்குக் கணக்குப் போட்டா இப்படி வரும். வடக்கை 0ன்னு வச்சு கடிகாரச் சுத்துல எண்ணுங்க. டாடா ஸ்கை, இப்போ டாடா பிளே, 83 டிகிரி கிழக்கு: திசை 168, கிட்டத்தட்ட நேர் தெற்கு, வானத்துல 74 டிகிரி உயரம். வீடியோகான் டி2எச் 88 கிழக்கு: திசை 149, உயரம் 72. சன் டைரக்ட் 91.5, 93.5, டிடி ஃப்ரீ டிஷ் 93.5: திசை 134ல இருந்து 139, உயரம் 68லருந்து 70. டிஷ் டிவி 95: திசை 131, உயரம் 67. ஏர்டெல் 108.2: திசை 113, உயரம் 54தான்.

இதை வச்சு லோகோ இல்லாமலே பாதி அடையாளம் கண்டுபிடிச்சிடலாம். ஒரே சுவர்ல பத்து டிஷ் இருந்தா, அதுல கிழக்கால திரும்பி கொஞ்சம் நிமிர்ந்து நிக்கிறது ஏர்டெல். தெற்கைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது டாடா. சன்னும் டிஷ் டிவியும் சில டிகிரிதான் வித்தியாசம், கண்ணால பிரிக்க முடியாது. அதுக்கு எல்என்பி, அதாவது தட்டுக்கு முன்னாடி கை நுனியில சிக்னலை வாங்குற சின்னப் பெட்டி, அதோட மூடியை ஜூம் பண்ணி எடுங்க. தட்டுல பெயின்ட் போனாலும் மூடியில பேர் சில சமயம் மிஞ்சும்.

ஒரு விஷயம் நல்லா மனசுல வச்சுக்குங்க. இந்த 60 சென்டிமீட்டர் தட்டு எல்லாம் ஆஃப்செட் டிஷ். தட்டோட நடுவுக்கு நேரா எல்என்பி இருக்காது, கீழருந்து கை நீட்டிப் பிடிச்சிருக்கும். அதனால தட்டு பார்க்கிற திசையும் சாட்டிலைட் இருக்கிற உயரமும் ஒண்ணு இல்லை. 22 முதல் 26 டிகிரி வரைக்கும் வித்தியாசம் வரும், மாடலைப் பொறுத்தது. டாடா டிஷ் 74 டிகிரியில இருக்கிறதைப் பிடிச்சாலும் தட்டு பின்னால 50 டிகிரிதான் சாய்ஞ்சிருக்கும். ஏர்டெல் தட்டு 30 டிகிரி. இந்த 20 டிகிரி வித்தியாசம் தெருவுல நின்னு பார்த்தாலே பளிச்னு தெரியும். ஆஃப்செட் தட்டு வட்டமும் கிடையாது, அகலத்தை விட உயரம் கொஞ்சம் ஜாஸ்தி. படத்துல முட்டை வடிவமா வந்தா லென்ஸ் கோளாறுன்னு நினைச்சு எடிட்டிங்ல வட்டமாக்கிடாதீங்க.

பால்கனியில ஏன் சில டிஷ் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது, சிலது உள்ளேயே அடங்குதுன்னும் இதை வச்சே புரிஞ்சுக்கலாம். மேல் மாடி ஸ்லாப் மறைக்கக் கூடாது. 74 டிகிரி உயரத்துக்கு, ஸ்லாப் விளிம்புல இருந்து அரை மீட்டர் உள்ளே தள்ளி வச்சா, தட்டுக்கு மேல 1.75 மீட்டர் காலியா வேணும். 54 டிகிரிக்கு அதே இடத்துல 70 சென்டிமீட்டர் போதும். அதனால டாடாக்காரங்க எல் வடிவத் தாங்கு பைப்பை நீளமா விட்டு கம்பிக்கு வெளியே தள்ளி மாட்டுவாங்க, ஏர்டெல் கம்பிக்கு உள்ளேயே நிக்கும். கீழே நின்னு பக்கவாட்டுல எடுத்தா இந்த நீட்டமும் குறுக்கமும் ஒரே ஃபிரேம்ல வரிசையா வரும். முன்னாலருந்து எடுத்தா இது தெரியவே தெரியாது.

நிழற்கோடு:

கோஆக்ஸ் கொடுத்த திசைகளை அப்படியே வெளிச்சக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். டிஷ் தென்கிழக்கைப் பார்க்கிறது. மாலைச் சூரியன் மேற்கில். எனவே மாலை நடையில் தட்டின் முகம் பெரும்பாலும் நிழலில்தான் இருக்கும். எக்ஸ்போஷரை எப்படித் திருப்பினாலும் இது தீராது. நடையைக் காலைக்கு மாற்றுங்கள்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் சென்னையில் சூரியன் கிழக்குக்குத் தெற்கே 24 டிகிரி தள்ளி உதிக்கிறது. ஜனவரி தொடக்கத்தில் காலை 7:30க்குச் சூரியன் திசை 117, உயரம் 12 டிகிரி. 8 மணிக்குத் திசை 120, உயரம் 19 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 9:30க்கு திசை 132, உயரம் 36. அதாவது ஏழரைக்கு ஏர்டெல் தட்டுக்கு நேர் எதிரே, ஒன்பதரைக்குச் சன், டிஷ் டிவி தட்டுகளுக்கு நேர் எதிரே சூரியன் வந்து நிற்கிறது. முகம் முழுதும் சீராக ஒளிர வேண்டும், மங்கிய லோகோ படிக்க வேண்டும் என்றால் அந்தந்த நேரம். துரு, நெளிவு, உரிந்த பெயின்ட் வேண்டும் என்றால் நேர் வெளிச்சம் உதவாது, பக்கவாட்டு வெளிச்சம் தேவை. தெற்கு நோக்கிய டாடா தட்டுகளில் அது ஏழரை மணியிலிருந்தே கிடைக்கும்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கு வருகிறது, பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் சூரியன் நமக்கு வடக்கேதான் செல்கிறது. நேர் தெற்கு நோக்கிய சுவரில் அந்தக் காலம் முழுதும் வெயில் நேராகப் படாது. வெயில் கொளுத்தும் மே மாதத்தில் தெற்குச் சுவர் நாள் முழுதும் சீரான நிழலில் நிற்கும். ஒரே வெளிச்சத்தில் நூறு டிஷ்ஷைத் தொகுக்க விரும்புபவருக்கு இதைவிட வசதி கிடையாது: நிழல்கள் குறுக்கிடாது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வெளிச்சம் மாறாது. வானத்தை மட்டும் ஃபிரேமுக்கு வெளியே வையுங்கள். குளிர்காலத்தில் தனித்தனிப் படங்கள், கோடையில் தெற்குச் சுவர்த் தொகுப்பு என்று பிரித்துக்கொண்டால் ஆண்டு முழுக்க வேலை இருக்கும். வடகிழக்குப் பருவமழை விட்ட மறுநாள் காலைகளில் தூசி அடங்கி, தூரத்துச் சுவர்கூடத் துல்லியமாக வரும்.

கட்டடம் சாய்வதற்குக் காரணம் கேமராவை அண்ணாந்து பிடிப்பது. மட்டமாகப் பிடித்தால் சாயாது, ஆனால் தூரம் வேண்டும். தரைத்தளமும் மூன்று மாடியும் கைப்பிடிச் சுவரும் சேர்த்து 13 மீட்டர் என்று வையுங்கள். கேமராவை நெடுக்காக, மட்டமாகப் பிடித்து 18 மி.மீ.யில் உச்சி வரை அடங்க 19 மீட்டர் பின்னால் போக வேண்டும். போனின் முதன்மை லென்ஸில் 16, 17 மீட்டர். 30 அடித் தெரு 9 மீட்டர்தான், முன்வாசல் இடத்தைச் சேர்த்தாலும் போதாது. ஆகவே எதிர்ச்சாரியை மறந்துவிட்டு, தெரு முனை, விளையாட்டுத் திடல், பூங்கா, பள்ளி மைதானத்தை ஒட்டிய சாலை என்று திறந்த இடங்களைத் தேடுங்கள். மட்டமாகப் பிடிக்கும்போது படத்தின் கீழ்ப்பாதி முழுதும் தரைதான் வரும். அதை வெட்டிவிடலாம்.

இன்னும் நல்லது, 60 மீட்டர் தள்ளி நின்று 55 மி.மீ.யில் எடுப்பது. உங்கள் சென்சாரில் அது 24 மீட்டர் அகலமும் 16 மீட்டர் உயரமும் பிடிக்கும். ஒரு பிளாக்கின் முகம் ஏறக்குறைய முழுதாக வந்துவிடும், அண்ணாந்து பார்க்கும் கோணமும் சில டிகிரிதான். அந்தச் சிறு சாய்வை எடிட்டிங்கில் நிமிர்த்தலாம். கிட்ட நின்று அண்ணாந்து எடுத்ததை முழுக்க நிமிர்த்தினால் மேல்மாடி டிஷ்கள் ரப்பராக இழுபட்டு நீளும். தட்டின் வடிவம்தான் இங்கே முக்கியம் என்பதால் அது பெரிய நஷ்டம். முக்கால் பங்கு நிமிர்த்தி நிறுத்துங்கள், கண்ணுக்கு அதுவே இயல்பாக இருக்கும்.

தனி டிஷ்ஷுக்கு 250 மி.மீ. சரி. 20 மீட்டரில் 60 சென்டிமீட்டர் தட்டு ஃபிரேம் உயரத்தில் பாதியை நிரப்பும், எல்என்பி கைக்கும் கேபிளுக்கும் இடம் இருக்கும். ஷட்டர் 1/400க்குக் கீழே போகாதீர்கள், லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருந்தால் 1/250 போதும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100 முதல் 200. காலை பத்துக்குப் பிறகு தார்ச்சாலைக்கும் தகர ஷீட்டுக்கும் மேலே காற்று அலையாடும். 250 மி.மீ.யில் எடுத்தால் விளிம்புகள் குழைந்து வரும், ஃபோகஸ் தப்பிவிட்டது என்று தோன்றும். எத்தனை முறை எடுத்தாலும் சரியாகாது, மறுநாள் காலைதான் வழி.

எக்ஸ்போஷரில் ஒன்றைக் கவனியுங்கள். வெளிர் சாம்பல் தட்டு, பின்னால் கறை படிந்த இருண்ட சுவர்: கேமரா சுவரைப் பார்த்துப் பிரகாசத்தைக் கூட்டும், தட்டு வெளுத்து லோகோ அழியும். எக்ஸ்போஷர் திருத்தத்தை மைனஸ் 0.7 வைத்து எடுங்கள். அதே தட்டு மொட்டை மாடியில் வானத்தின் முன்னால் இருந்தால் நேர்மாறு, பிளஸ் 1 வரை தேவைப்படும். போனில் தட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுக்கவும். எச்டிஆர் அதிகமாக வேலை செய்தால் தட்டைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் படியும். வானத்தை ஒட்டிய படங்களுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

ஏசி அறையிலிருந்து நேராக எடுத்துப் போகும் கேமராவில் லென்ஸ் வேர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வேர்க்கும். புறப்படுவதற்கு அரை மணி முன்பே பையை மூடியபடி ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

நடைவழி:

கோஆக்ஸ் அண்ணா, நிழற்கோடு, இருவருக்கும் மிக்க நன்றி. காலைக்கு மாற்றிக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். வேலை செய்கிற டிஷ், கைவிட்ட டிஷ் என்று தெருவில் நின்றே பிரிக்க முடியுமா? ஒரு டிஷ் ஏறக்குறைய எந்த ஆண்டுக்குரியது என்று சொல்ல வழி உண்டா?

கோஆக்ஸ்:

பிரிக்கலாம். முதல்ல எல்என்பியைப் பாருங்க. அது இல்லாம வெறும் கை மட்டும் நீட்டிக்கிட்டிருந்தா டிஷ் செத்துப்போச்சு. எல்என்பி இருந்தா, அதுக்கு அடியில எஃப் கனெக்டர் (கேபிளைத் திருகி மாட்டுற முனை) மாட்டியிருக்கா, ரப்பர் மூடியோ டேப்போ சுத்தியிருக்கான்னு பாருங்க. அதுல இருந்து வர்ற ஆர்ஜி-6 டிவி கேபிள் பாதியில வெட்டித் தொங்குச்சுன்னா அந்த வீடு பிராட்பேண்டுக்கோ வேற இணைப்புக்கோ போயிடுச்சு, அல்லது காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எல்லாம் சரியா இருந்தும் பக்கத்து டிஷ்ங்க எதோடயும் ஒத்துப் போகாம வேற எங்கேயோ பார்த்துக்கிட்டிருந்தா அதுவும் வேலை செய்யாது. 60 சென்டிமீட்டர் தட்டோட கற்றை அகலம், அதாவது சிக்னலைப் பிடிக்கிற கோணம், சுமார் 3 டிகிரிதான். காத்துல நட்டு லூசாகி கொஞ்சம் திரும்பினாலே சிக்னல் போயிடும். கேபிள் எல்என்பிக்குக் கீழே ஒரு வளையமா தொங்கி அப்புறம் சுவருக்குப் போனா, அது தண்ணி உள்ளே ஓடாம இருக்கப் போட்ட சொட்டு வளையம். அது ஒழுங்கா இருக்கிறது நல்ல கை மாட்டினதுக்கு அடையாளம்.

வீடு மாறும்போது பாக்ஸையும் எல்என்பியையும் எடுத்துட்டு தட்டை விட்டுட்டுப் போறது வழக்கம். ஆங்கர் போல்ட் துருப்பிடிச்சுக் கழலாது, கழட்டினா சுவர்ல ஓட்டை. அதனால ஒரே பால்கனியில மூணு தட்டு, அதுல ஒண்ணுதான் உயிரோட இருக்கும். ஃபிரேமுக்குள்ள மூணும் வர்ற மாதிரி எடுங்க. ஒரு வீட்டுல குடியிருந்தவங்க மாறின கதை அதுல இருக்கு.

வயசு கண்டுபிடிக்க லோகோதான் வழி. டிஷ் டிவி 2003ல வந்தது. அரசோட டிடி டைரக்ட் பிளஸ், இப்போ டிடி ஃப்ரீ டிஷ், 2004 டிசம்பர். டாடா ஸ்கை 2006. சன் டைரக்ட் 2007 கடைசி. ஏர்டெலும் ரிலையன்ஸ் பிக் டிவியும் 2008. வீடியோகான் 2009. பிக் டிவி சேவையே இப்போ இல்லை. அந்தப் பேர் உள்ள தட்டு கிடைச்சா பல கோணத்துல எடுத்து வைங்க. டாடா ஸ்கை 2022 ஜனவரியில டாடா பிளே ஆச்சு, அதனால பழைய பேர் இருந்தா அதுக்கு முந்தினது. ஆனா பழைய தட்டுல புது எல்என்பியும், ஒரு கம்பெனி தட்டுல இன்னொரு கம்பெனி எல்என்பியும் மாட்டுறது ரொம்ப சகஜம். 60 சென்டிமீட்டர் தட்டு எல்லாத்துக்கும் பொருந்தும். தட்டுல டாடா பேர் போட்டு, முகம் தென்கிழக்கைப் பார்த்து இருந்தா அது இப்போ ஃப்ரீ டிஷ்ஷோ சன்னோ டிஷ் டிவியோ பிடிக்குது. லோகோவும் திசையும் முரண்பட்டா திசையை நம்புங்க.

2010 ஜூலையில இன்சாட்-4பி சாட்டிலைட்ல மின்சாரக் கோளாறு வந்து, சன் டைரக்ட் 93.5ல இருந்து 91.5ல இருக்கிற மீசாட்-3க்குப் போச்சு. லட்சக்கணக்கான தட்டுகளைச் சில டிகிரி திருப்ப வேண்டியதாச்சு. பழைய தட்டுல பிராக்கெட் நட்டைச் சுத்தி ரெண்டு இடத்துல பெயின்ட் தேய்ஞ்சு தெரிஞ்சா, அது ஒரு தடவைக்கு மேல திருப்பின தட்டு. 250 லென்ஸ்ல அந்த இடத்தைத் தனியா எடுத்து வச்சுக்கலாம்.

பிளாக்செயலர்:

அனுமதி, சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். குடியிருப்போர் நலச்சங்கத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுதான் முதல் விஷயம்.

பொதுத் தெருவில் நின்று கட்டடத்தின் வெளிமுகத்தைப் படம் எடுக்கத் தடை இல்லை. கட்டட வடிவமைப்பைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் கேட்டுக்குள் காலை வைத்தால் அது தனியார் இடம். செயலரிடமோ காவலாளியிடமோ கேட்காமல் உள்ளே வராதீர்கள். காவல்துறை, ராணுவக் குடியிருப்பு, தடைப் பலகை வைத்த வளாகம் பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம். மெட்ரோ, ரயில் நிலையங்களில் உயரமான நடைமேடை வசதியாகத் தெரியும், ஆனால் அங்கே படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். மேம்பாலத்தில் வண்டியை நிறுத்துவது விபத்துக்கு அழைப்பு. டிரோனும் சரிவராது: விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையை விட்டுக் கிளப்பவே அனுமதி தேவை.

எல்லாவற்றையும் விட முக்கியம், பால்கனியில் இருக்கும் மனிதர்கள். 250 மி.மீ. லென்ஸை மாடி நோக்கி நீட்டும்போது கீழே நிற்பவர்களுக்கு நீங்கள் டிஷ்ஷைப் பார்க்கிறீர்கள் என்று தெரியாது. பெண்கள் தனிமையில் இருக்கும் நிலையை ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆவது பிரிவில் குற்றம், சிறைத்தண்டனை உண்டு. உங்களுக்கு அந்த எண்ணமே இல்லாவிட்டாலும், ஜன்னல் திறந்திருக்கிற, ஆள் நிற்கிற பால்கனியை விட்டுவிடுங்கள். அடுத்த பால்கனியில் அதே டிஷ் இருக்கும். காலை ஏழு முதல் எட்டரை வரை பல் துலக்குவது, துணி காயப்போடுவது, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது எல்லாம் பால்கனியில்தான் நடக்கும். வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரமும் அதுவே. அதனால் முதலில் பெரிய ஃபிரேம்களை எடுத்து முடித்துவிட்டு, நெருக்கமான படங்களை ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் போன பிறகு பால்கனிகள் காலியாக இருக்கும்.

யாராவது கேட்டால் கேமராவைச் சட்டென்று கீழே இறக்கிப் பைக்குள் போடாதீர்கள், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். “அம்மா, டிஷ் ஆன்டெனா எல்லாம் மறைஞ்சுக்கிட்டு வருது, அதைத்தான் படம் எடுத்து வைக்கிறேன்” என்று நின்று சொல்லி, திரையில் கடைசிப் பத்துப் படத்தைக் காட்டுங்கள். நீக்கச் சொன்னால் அங்கேயே அவர் கண்ணெதிரே நீக்குங்கள். சட்டப்படி நீக்க வேண்டியதில்லை என்று வாதாடி ஜெயித்தால் அந்தத் தெருவில் மறுபடி நடக்க முடியாது. வாட்டர் கேன் போடுபவர், இஸ்திரி வண்டிக்காரர், காவலாளி: இந்த மூவருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிக் கேள்வி வராது.

வெளியிடும்போது கதவு எண், வண்டி நம்பர், முகம், சுவரில் எழுதியிருக்கும் மெக்கானிக்கின் போன் நம்பர் எல்லாவற்றையும் மறையுங்கள். போன் படங்களில் இருப்பிடத் தகவலை நீக்கிய பிறகு ஏற்றுங்கள். எந்த வீட்டில் ஆள் இல்லை, எந்த டிஷ் செத்துவிட்டது என்பதும் ஒருவகையில் அந்த வீட்டைப் பற்றிய செய்திதான். அதனால் “கைவிட்டது” என்ற குறிப்பைத் தெருப் பெயரோடு வெளியிடாதீர்கள், உங்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும்.

அட்டவணை:

பதிவேடு பற்றிக் கொஞ்சம். படங்கள் ஆயிரத்தைத் தாண்டியதும் எந்தச் சுவர் எது என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு பிளாக்கையும் தொடங்கும்போது முதல் படமாகத் தெருப் பலகை, இரண்டாவதாக பிளாக் எண், மூன்றாவதாக முழுச் சுவர் எடுத்துவிடுங்கள். தனி டிஷ் படங்கள் அதன் பிறகு, மேல்மாடியிலிருந்து கீழே, இடமிருந்து வலம். இந்த ஒழுங்கு மாறாமல் இருந்தால் குறிப்பு எழுதாமலே எந்த டிஷ் எந்த மாடி என்று பின்னர் கண்டுபிடிக்கலாம்.

கோப்புப் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் வையுங்கள், பிறகு பகுதி, பிளாக், சுவரின் திசை, வரிசை எண். விரிதாளில் ஒரு டிஷ்ஷுக்கு ஒரு வரி: மாடி, சுவரில் மாட்டியதா கம்பியில் மாட்டியதா, லோகோ, திசை, எல்என்பி உண்டா, கேபிள் உண்டா. ஏழெட்டுப் பத்திக்கு மேல் வைத்தால் இரண்டே வாரத்தில் நிரப்புவதை நிறுத்திவிடுவீர்கள். திசையைப் போன் காம்பஸில் பார்க்கும்போது இரும்பு கேட், கார், மின்பெட்டி ஆகியவற்றிலிருந்து சில மீட்டர் தள்ளி நில்லுங்கள். அவற்றின் பக்கத்தில் ஊசி 20, 30 டிகிரி கூடத் திரும்பும். இன்னும் நம்பகமான வழி, சாட்டிலைட் வரைபடத்தில் அந்தக் கட்டடத்தின் சுவர் எந்தத் திசை நோக்கியிருக்கிறது என்று அளந்து, அதை வைத்து டிஷ்ஷின் திசையைக் கணிப்பது.

ஓராண்டு கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்க வேண்டும் என்றால், நின்ற இடத்தை மேன்ஹோல் மூடி, விளக்குக் கம்ப எண் என்று அசையாத பொருளை வைத்துக் குறியுங்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும், அடுக்குமாடிகளுக்கு நடுவில் இன்னும் அதிகம் தவறும். மரத்தை அடையாளமாக வைக்காதீர்கள், மழைக்காலத்துக்கு முன்னால் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். லென்ஸ் குவியத் தூரமும் குறிப்பில் இருக்கட்டும். ஜூம் லென்ஸில் 55 என்ற ஓரத்திலேயே எப்போதும் எடுத்தால் அந்தக் குறிப்பும் தேவையில்லை.

நிழற்கோடு:

அட்டவணை சொன்னது மிகச் சரி. இன்னொன்று: மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் சூரியன் சரியாகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும், சிக்னல் சில நிமிடம் அறுந்து போகும். அந்த நிமிடங்களில் தட்டில் பட்ட வெயில் குவிந்து எல்என்பியின் முகத்தில் விழும். தட்டின் பெயின்ட் பளபளப்பில்லாமல் சொரசொரப்பாக இருப்பது அந்தச் சூடு எல்என்பியை உருக்கிவிடாமல் இருக்கத்தான். புதுத் தட்டு என்றால் எல்என்பி மூடி சுற்றியுள்ள எதையும் விடப் பிரகாசமாகத் தெரியும். டாடா தட்டுகளுக்கு இது நண்பகலுக்குச் சற்று முன்னால், ஏர்டெல்லுக்குக் காலையிலேயே நடக்கும். 250 மி.மீ., மைனஸ் 2 எக்ஸ்போஷர், ஒரே தட்டை ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்துப் பாருங்கள். வியூஃபைண்டருக்குள் சூரியன் வராதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோஆக்ஸ்:

மொட்டை மாடிக்கு அனுமதி கிடைச்சுப் போனீங்கன்னா ஒண்ணு சொல்லிடுறேன். பையோ தோளோ எல்என்பி கை மேல இடிச்சா டிஷ் நகர்ந்துடும். நீங்களே நிமிர்த்தி வைக்கப் பார்க்காதீங்க, கண்ணுக்குச் சரியா தெரியறதும் சிக்னல் கிடைக்கறதும் வேற. உடனே கீழே போய் எந்த வீட்டு டிஷ்ஷுன்னு கேட்டுச் சொல்லிடுங்க. ஒருத்தர் மேல நிக்க, ஒருத்தர் வீட்டுக்குள்ள டிவியில சிக்னல் குவாலிட்டி பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, போல்ட்டை லேசா லூஸ் பண்ணி முதல்ல உயரம், அப்புறம் திசைன்னு திருப்பணும். மாடியில கீழேயும் பார்த்து நடங்க: கேபிள் எல்லாம் தரையிலதான் கிடக்கும், கால் மாட்டி இழுத்தா எஃப் கனெக்டரோட பிடுங்கிக்கிட்டு வந்துடும். அந்த வீட்டுக்காரங்களுக்கு ராத்திரி சீரியல் ஓடாதபோதுதான் விஷயமே தெரியும்.